பழைய துறைமுகத்தை மக்கள் உலாவும் கரையாக மாற்றுவது எப்படி? ஒரு முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூர் ஆற்றைப் பற்றி, அந்நாட்டின் முதல் பிரதமர் லீ குவான் யூ ஒரு விஷயம் எழுதியிருக்கிறார். கண் தெரியாத தொலைபேசி இயக்குநர் ஒருவர் பேருந்தில் வீடு திரும்பும்போது, ஆறு நெருங்கிவிட்டது என்பதை நாற்றத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவாராம். இன்று அதே கரையில் சாயங்காலம் ஆனால் உட்கார இடம் தேட வேண்டியிருக்கிறது. நடுவில் என்னென்ன வேலை நடந்தது, எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்பதைப் பின்தொடர்ந்து போவதுதான் இந்த வழிகாட்டி.

வரிசைக்கு இவ்வளவு முக்கியத்துவம் கொடுக்கக் காரணம் உண்டு. துறைமுகச் சீரமைப்புத் திட்டம் எதை எடுத்தாலும் முதல் பக்கத்தில் ஒரு படம் இருக்கும். குடைகளுக்குக் கீழே காபி குடிப்பவர்கள், பாய்மரம் போன்ற வெள்ளைக் கூரை, தூரத்தில் ஒரு ராட்சத ராட்டினம். அதாவது கடைசி வேலை முதல் பக்கத்தில். அமெரிக்காவின் பால்டிமோர் நகரம் கிட்டத்தட்ட அப்படித்தான் தொடங்கியது. 1980 ஜூலையில் அதன் உள்துறைமுகக் கரையில் ஹார்பர்பிளேஸ் என்ற இரண்டு கடை மண்டபங்கள் திறந்தன. கூட்டம் அலைமோதியது. பல நாட்டு நகராட்சிக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போய் அதே மாதிரி கட்டினார்கள். ஆனால் அந்தத் துறைமுகத் தண்ணீரில் பொதுமக்கள் குதித்து நீந்த முறையாக ஏற்பாடு செய்தது 2024 ஜூனில்தான். அதற்குள் அந்த மண்டபங்கள் ஆளில்லாமல் போய், 2019இல் நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர் கைக்கு வந்துவிட்டன.

சிங்கப்பூர் இதைத் தலைகீழாகச் செய்தது. 1977 முதல் 1987 வரை தண்ணீர். 1989இல் பழைய கட்டடங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு. கடைகள் அதற்குப் பிறகு. குறையில்லாத வேலை என்று சொல்ல மாட்டேன். எங்கே கசக்கிறது என்று போகப் போகச் சொல்கிறேன். ஆனால் வரிசை சரி.

படி 1: துறைமுகம் உண்மையிலேயே போய்விட்டதா என்று பாருங்கள்

பழைய துறைமுகங்களைக் காலி செய்தது கன்டெய்னர். அந்தக் கப்பலுக்கு ஆழமான தண்ணீர் வேண்டும். கரையில் பெட்டிகளை அடுக்கப் பரந்த நிலம் வேண்டும். நகரத்தின் நடுவில் இரண்டும் கிடையாது. சிங்கப்பூரின் தஞ்சோங் பகாரில் முதல் கன்டெய்னர் கப்பல் 1972 ஜூனில் வந்தது. அதைப் பார்த்தவுடன் ஆற்றுத் துறை செத்துவிட்டது என்று யாராவது எழுதியிருந்தால் அது தப்பு. நங்கூரமிட்ட கப்பல்களிலிருந்து சரக்கை இறக்கிவரும் தொங்கான்கள் அதற்குப் பிறகும் பத்தாண்டுக்கு மேல் ஆற்றில் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

இப்படிப் பெரிய தொழில் போய்ச் சின்னத் தொழில் மிஞ்சியிருக்கும் நேரத்தில்தான் திட்டக்காரர்கள் வந்து "காலி இடம்" என்று வரைபடத்தில் கோடு போடுவார்கள். அதனால் உங்கள் முதல் வேலை, ஒரு வாரம் முழுக்க, இரவு பகலாக, ஓதம் ஏறும்போதும் வற்றும்போதும் போய்ப் பார்ப்பது. விடியற்காலை மூன்று மணிக்கு யார் வருகிறார்கள்? ஐஸ் எங்கிருந்து வருகிறது? வலை தைப்பவர், எஞ்சின் பழுது பார்ப்பவர், டீசல் ஊற்றுபவர், இழுவைப் படகு, மாலுமிகளுக்குச் சோறு போடும் கடை, எல்லாவற்றையும் எழுதுங்கள். பிறகு இரண்டாகப் பிரியுங்கள்: தண்ணீர் விளிம்பு இல்லாமல் நடக்கவே முடியாத தொழில், வாடகை குறைவு என்பதற்காக மட்டும் அங்கே இருக்கும் தொழில்.

முதல் வகையை அப்புறப்படுத்தாமல் இருப்பதே புத்திசாலித்தனம். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் இதற்கு நல்ல பாடம். அங்கே விக்டோரியா, ஆல்ஃபிரட் என்ற இரண்டு பழைய படுகைகளை மாற்றியமைக்க 1988இல் ஒரு நிறுவனம் உருவானது. மீன்பிடிப் படகுகளை விரட்டவில்லை. 1882இல் திறந்த ராபின்சன் உலர்துறையில் கப்பலை உள்ளே விட்டு, தண்ணீரை வடித்துவிட்டுப் பழுது பார்க்கிறார்கள். பக்கத்திலேயே ஐஸ்கிரீம் தின்றுகொண்டு குழந்தைகள் வேடிக்கை பார்க்கிறார்கள். அந்த வேடிக்கையை எந்த வடிவமைப்பாளராலும் வரைய முடியாது. என்ன, வெல்டிங் சத்தமும் பெயின்ட் வாடையும் வரும். பக்கத்தில் வீடு விற்கப் போகிறீர்கள் என்றால், இங்கே துறைமுகம் நடக்கிறது, சத்தம் இருக்கும் என்று பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் குடிவந்த மறு வருஷமே உலர்துறையை மூடச் சொல்லி மனு வரும்.

படி 2: நிலம் யாருடையது

துறைமுக நிலம் பார்க்க ஒரே வெளியாகத் தெரியும். ஆவணத்தில் துண்டு துண்டாக இருக்கும். துறைமுக நிர்வாகம், ரயில்வே, சுங்கம், கடற்படை, நகராட்சி, நீண்ட குத்தகைக்கு எடுத்த கிடங்கு முதலாளிகள். தண்ணீருக்கு அடியில் இருக்கும் தரை யாருடையது என்பது தனிக் கேள்வி. இதைத் தீர்க்காமல் போட்டி அறிவித்து, உலகக் கட்டடக் கலைஞர்களை அழைத்துப் படம் வாங்கி வைப்பது வெட்டி வேலை.

ஜெர்மனியின் ஹாம்பர்க் இதில் கெட்டிக்காரத்தனம் காட்டியது. ஹாஃபன்சிட்டி என்ற 157 ஹெக்டேர் திட்டத்தை 1997இல்தான் வெளியே சொன்னார்கள். அதற்கு முன்பே தேவையான இடங்களைச் சத்தமில்லாமல் நகரத்தின் கைக்குக் கொண்டுவரத் தொடங்கிவிட்டார்கள். முன்கூட்டி அறிவித்திருந்தால் ஒவ்வொரு குத்தகைதாரரும் விலையை ஏற்றியிருப்பார். ஜனநாயகத்தில் இப்படி மறைக்கலாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நில வியாபாரி முந்திக்கொள்வதைவிட நகரம் முந்திக்கொள்வது தேவலை என்பது என் எண்ணம்.

பழைய வரைபடங்களையும் இப்போதே தேடி எடுங்கள். எரிவாயுத் தொழிற்சாலை, எண்ணெய்த் தொட்டி, கப்பல் சுரண்டிப் பெயின்ட் அடித்த இடம் எங்கெங்கே இருந்தன என்று தெரிந்தால், மண் பரிசோதனைக்கு எங்கே துளை போடுவது என்பது தெரிந்துவிடும். அப்புறம், எல்லாத் துறைக்கும் மேலே ஒரே ஒரு பொறுப்பாளர் இருக்கட்டும். சிங்கப்பூரில் பல அமைச்சுகளும் கழகங்களும் சேர்ந்து செய்த வேலையை, சுற்றுப்புற அமைச்சிலிருந்த லீ எக் தியங் என்ற பொறியாளர் ஒருங்கிணைத்தார்.

படி 3: மனிதர்கள்

இந்தப் படியை நிறையப் பேர் ஒரு பத்தியில் முடித்துவிடுவார்கள். செலவும் கண்ணீரும் அதிகம் உள்ள படி இதுதான்.

சிங்கப்பூர் ஆற்றையும் காலாங் படுகையையும் தூய்மையாக்க, சுமார் 26,000 குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்கு மாற்றப்பட்டன. 2,800 அளவிலான சிறு தொழில்கள் வேறு இடம் போயின. ஏறத்தாழ 5,000 தெருவோர வியாபாரிகள் உணவங்காடி நிலையங்களுக்குள் போனார்கள். 1983இல் 800க்கும் மேற்பட்ட தொங்கான்கள் ஆற்றை விட்டுப் பாசிர் பாஞ்சாங் கரைக்குப் போயின. மொத்தச் செலவாகச் சொல்லப்படும் 17 கோடி சிங்கப்பூர் வெள்ளியில் இவர்களுக்குக் கொடுத்த இழப்பீடு சேரவில்லை. வரவு செலவுத் திட்டம் போடுபவர்கள் இந்தக் கடைசி வரியை இன்னொரு முறை படிக்கவும்.

இந்த ஆற்றில் நம்மவர்களின் பங்கும் உண்டு. 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கே சரக்குப் படகு ஓட்டியவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியர்; சூலியா என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம்கள் அவர்களில் முக்கியமானவர்கள். பிறகு அந்தத் தொழில் சீனர் கைக்கு மாறியது. கரையிலிருந்து சில நிமிட நடையில் மார்க்கெட் ஸ்திரீட். நகரத்தார் எனப்படும் செட்டியார்கள், கிட்டங்கி என்ற தங்கள் தொழில்கூடங்களில் பெட்டியடியில் உட்கார்ந்து கடன் கொடுத்தது அங்கேதான். நகர மறுசீரமைப்பில் கிட்டங்கிகள் போய் உயரமான அலுவலகக் கட்டடங்கள் வந்தன. இன்று ஆற்றோரத்தில் செட்டியார் உருவத்தோடு ஒரு வெண்கலச் சிற்பத் தொகுதி நிற்கிறது. ஆளை அனுப்பிவிட்டுச் சிலை வைப்பது இந்தத் தொழிலின் வழக்கம். சிலையை விரும்பிப் பார்ப்பவன்தான் நானும்; ஆனாலும் அங்கே போகும்போதெல்லாம் இது நினைவுக்கு வரும்.

சரி, நீங்கள் செய்யும்போது எப்படிச் செய்வது?

கணக்கெடுப்பைக் குடும்பத்தை மட்டும் வைத்து எடுக்காதீர்கள். தொழிலையும் வைத்து எடுங்கள். ஒரே வீட்டில் ஒருவர் படகோட்டி, ஒருவர் மூட்டை தூக்குபவர், ஒருவர் கரையில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர் என்றால் அங்கே மூன்று வருமானம் போகப் போகிறது. ஒரு தேதியைக் குறித்து, அன்று இருந்தவர்களுக்கே உரிமை என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் இழப்பீட்டுக்காகக் குடிசை முளைக்கும். மாற்று இடம் தயாராகி, தண்ணீரும் மின்சாரமும் வந்த பிறகே காலி செய்யச் சொல்லுங்கள். உணவங்காடி நிலையங்களைக் கட்டிக் கொடுத்ததால்தான் சிங்கப்பூரில் தெரு வியாபாரிகள் தொழிலை விடாமல் இடம் மாற முடிந்தது. கடைக்காரரோடு அவருடைய வாடிக்கையாளரும் வருவாரா என்று யோசியுங்கள். பழைய இடத்துக்குப் பக்கத்தில் கொடுத்தால் வருவார். பத்து மைல் தள்ளிக் கொடுத்தால் அது இடமாற்றமில்லை, கடையடைப்பு.

படகுக்காரர்களுக்கு இன்னும் நுணுக்கமாகப் பார்க்க வேண்டும். ஆற்றுக்கென்று கட்டிய படகைத் திறந்த கடற்கரையில் கட்டிப்போட்டால் அலை அதை என்ன செய்யும் என்று பொறியாளரிடம் கேட்காதீர்கள், படகோட்டியிடம் கேளுங்கள். அலைத்தடுப்பு இல்லாத மாற்றுத்துறை மாற்றுத்துறையே அல்ல.

வேலை போகிறவர்களில் சிலரைப் புதிய கரைக்கே எடுத்துக்கொள்ளலாம். படகுச் சவாரி, கரைப் பராமரிப்பு, மிதக்கும் குப்பையை அள்ளுவது எல்லாம் அவர்களுக்குத் தெரிந்த வேலைதானே. டெண்டர் விதிமுறையில் எழுதி வைத்தால்தான் நடக்கும். வாய்வார்த்தையாக விட்டால் ஒப்பந்தக்காரர் வேறு ஆளைக் கொண்டுவந்துவிடுவார்.

படி 4: தண்ணீர்

1977 பிப்ரவரியில் ஒரு நீர்த்தேக்கத் திறப்பு விழாவில், பத்து வருஷத்தில் சிங்கப்பூர் ஆற்றிலும் காலாங் ஆற்றிலும் மீன் பிடிக்கலாம் என்ற நிலையைக் கொண்டுவர வேண்டும் என்றார் லீ குவான் யூ. இலக்கு என்றால் இப்படி இருக்க வேண்டும். "நீர்த் தரத்தை மேம்படுத்துதல்" என்று எழுதினால் யாரும் கேள்வி கேட்க முடியாது. மீன் கிடைக்கிறதா என்று ஒரு சிறுவன்கூடத் தூண்டில் போட்டுப் பார்த்துவிடலாம்.

துறைமுகத்தின் அழுக்கு பெரும்பாலும் துறைமுகத்தில் பிறப்பதில்லை. மேலே எங்கோ பிறந்து கீழே வந்து தங்குகிறது. அதனால் சிங்கப்பூரில் முதலில் ஆற்றில் கை வைக்கவில்லை, நீர்ப்பிடிப்புப் பகுதியில் வைத்தார்கள். காலாங் பக்கம் இருந்த 610 பன்றிப் பண்ணைகளும் 500 வாத்துப் பண்ணைகளும் மூடப்பட்டன. சாக்கடை இணைப்பில்லாத குடியிருப்புகள் போயின. தெருவில் பாத்திரம் கழுவி வடிகாலில் ஊற்றிய வியாபாரிகளுக்குக் குழாயும் கழிவுநீர் இணைப்பும் உள்ள இடம் கிடைத்தது. ஊற்றைத் தடுத்த பிறகுதான் படுகையைத் தூர்வாரினார்கள். முதலில் தூர்வாரியிருந்தால் அடுத்த மழைக்கே பழையபடி ஆகியிருக்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது: துறைமுகத்தில் வந்து விழும் ஒவ்வொரு வாய்க்காலையும் குழாயையும் எண்ணுங்கள். வற்றம் இருக்கும்போது படகில் போனால் கரைச்சுவரில் எத்தனை ஓட்டை இருக்கிறது என்று கண்ணால் பார்க்கலாம். அதில் பாதி எந்த வரைபடத்திலும் இருக்காது. மழையில்லாத நாளில் எந்தக் குழாயில் தண்ணீர் ஓடுகிறதோ, அது மழைநீர்க் குழாயே அல்ல. யாரோ கழிவை அதில் இணைத்திருக்கிறார்கள். அதைப் பின்தொடர்ந்து போய் இணைப்பைக் கண்டுபிடித்து வெட்டுங்கள். சலிப்பான வேலை, திறப்பு விழாவே கிடையாது. ஆனால் கரையின் தலையெழுத்தை முடிவு செய்யும் வேலை.

பழைய நகரங்களில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே குழாயில் போகும். பெருமழை பெய்தால் இரண்டும் கலந்து துறைமுகத்தில் வழியும். டென்மார்க்கின் கோபன்ஹேகன் இதற்காகத் தரைக்கடியில் பெரிய தொட்டிகளைக் கட்டியது. மழை பெய்யும்போது தேக்கி வைத்து, பிறகு மெதுவாகச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு அனுப்பும் ஏற்பாடு. அதன் பலனாக 2002இல் இஸ்லான்ஸ் பிரிகே என்ற பழைய துறைமுகக் கரையில் மிதக்கும் குளியல் துறை திறந்தது. மீறி எப்போதாவது கழிவு கலந்தால் எச்சரிக்கை அமைப்பு சொல்லிவிடும்; குளியல் துறையை மூடிவிடுவார்கள். இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. "எப்போதும் சுத்தம்" என்று சொல்வதைவிட "இன்று வேண்டாம்" என்று சொல்லும் பலகையின் மேல்தான் மக்கள் நம்பிக்கை வைப்பார்கள்.

அளவுகோல் வேண்டுமானால், ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி கடலோரக் குளியலிடத்தில் 100 மில்லிலிட்டர் தண்ணீரில் ஈ. கோலை பாக்டீரியா 250க்குள் இருந்தால் மிக நன்று என்ற தரம். மாதிரியை மழைக்கு மறுநாளும் எடுங்கள். வெயில் நாளில் மட்டும் எடுத்த அறிக்கையை நம்பாதீர்கள்.

அடியில் இருக்கும் சேறு தனிக்கதை. கப்பலின் அடிப்பாகத்தில் சிப்பியும் பாசியும் ஒட்டாமலிருக்க முன்பு டிபிடி என்ற வெள்ளீயச் சேர்மம் கலந்த பெயின்ட் அடித்தார்கள். நத்தை, சிப்பி இனங்களுக்கு அது நஞ்சு. 2008இல் நடைமுறைக்கு வந்த சர்வதேச ஒப்பந்தம் அதைத் தடை செய்தது. ஆனால் பழைய துறைமுகச் சேற்றில் அது ஈயம், தாமிரம், எண்ணெயோடு சேர்ந்து கிடக்கும். மூன்று வழி உண்டு. தோண்டி எடுத்து நஞ்சு கசியாத இடத்தில் போடுவது. மேலே சுத்தமான மணலைக் கனமாகப் பரப்பி மூடுவது. கலக்காமல் அப்படியே விடுவது. எடுப்பதுதான் வீரம் என்று நினைக்க வேண்டாம். கண்டபடி தோண்டினால் முப்பது வருஷமாக அமைதியாகக் கிடந்த நஞ்சு தண்ணீரில் கலந்துவிடும். படகு இயந்திரம் சேற்றைக் கிளறும் ஆழமா, இல்லையா என்பதைப் பார்த்து முடிவெடுங்கள். தோண்டத்தான் வேண்டும் என்றால் மூடிய வாளி, சுற்றிலும் சேறு பரவாமல் தடுக்கும் திரை, இரண்டும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும்.

படி 5: கரைச்சுவரும் வெள்ளமும்

கட்டடத்துக்குப் படம் வரைவதற்கு முன் கரைச்சுவருக்கு முக்குளிப்பவரை இறக்குங்கள். பழைய சுவர்கள் மரத்தூண் மேல் நிற்கலாம். நியூயார்க்கில் ஒரு விசித்திரம் நடந்தது. துறைமுகத் தண்ணீர் அழுக்காக இருந்த காலத்தில் மரத்தைத் துளைக்கும் கப்பல்புழுக்கள் அங்கே பிழைக்க முடியவில்லை. மரத்தூண்கள் நன்றாக இருந்தன. தண்ணீர் சுத்தமானதும் புழுக்கள் திரும்பி வந்து தூண்களைத் தின்னத் தொடங்கின. ஆயிரக்கணக்கான மரத்தூண்கள் மேல் அமைந்த புரூக்ளின் பாலப் பூங்காவுக்கு இது தீராத பராமரிப்புச் செலவு. நான்காம் படியில் வெற்றி பெற்றால் ஐந்தாம் படியில் செலவு கூடும், அவ்வளவுதான்.

வெள்ளத்துக்கு இரண்டு வெவ்வேறு பதில்களைச் சொல்கிறேன். ஹாம்பர்க்கில் 1962 புயல் வெள்ளத்தில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஹாஃபன்சிட்டியோ வெள்ளத்தடுப்புக் கரைக்கு வெளியே இருக்கிறது. சுற்றிலும் உயரமான கரை போட்டால் தண்ணீரே தெரியாது. அதனால் கட்டடங்களைக் கடல்மட்டத்திலிருந்து எட்டு, ஒன்பது மீட்டர் உயர்ந்த மேட்டில் நிறுத்தினார்கள். நடைபாதையைக் கீழேயே விட்டுவிட்டார்கள். புயல் வந்தால் நடைபாதை முழுகும். வடிந்ததும் கழுவி விடுவார்கள். கீழே நடப்பவருக்குத் தண்ணீர் பக்கத்திலேயே இருக்கிறது.

சிங்கப்பூர், ஆற்று நீர் கடலில் சேரும் வாயிலையே அடைத்தது. 2008இல் திறந்த மரினா அணைக்கட்டு 350 மீட்டர் அகல வாய்க்காலின் குறுக்கே நிற்கிறது. ஒன்பது மதகுகள், ஓதம் உயர்ந்திருக்கும்போது மழை வந்தால் தண்ணீரைக் கடலுக்குத் தள்ள ஏழு பெரிய பம்புகள். உப்பாறு நன்னீர்த் தேக்கமானது. குடிநீர், வெள்ளத்தடுப்பு, மாறாத நீர்மட்டம் மூன்றும் கிடைத்தன. போனது ஓதம். முன்பு நீர் ஏறியிருக்கும்போது சிங்கப்பூர் ஆற்றின் கவனாக் பாலத்தின் கீழே தொங்கான் நுழைய முடியாது. வற்றும்வரை காத்திருக்க வேண்டும். அந்தப் பாலத்தில் கனமான வண்டிகளும் மாடுகளும் குதிரைகளும் போகக் கூடாது என்ற பழைய பலகை இன்னும் இருக்கிறது, போனால் பாருங்கள். சிறிய ஊருக்கு அணைக்கட்டு கட்டுப்படியாகாது. ஹாம்பர்க் வழி பெரும்பாலும் போதும்.

படி 6: விளிம்பை முதலில் எழுதி வையுங்கள்

ஒரு துண்டு நிலத்தையும் விற்பதற்கு முன், தண்ணீரை ஒட்டி இத்தனை மீட்டர் பொதுவழி என்று சட்டத்தில் எழுதுங்கள். சிங்கப்பூர் ஆற்றுக்கு 15 மீட்டர் அகல நடைபாதையை இலக்காக வைத்தது நகர மறுசீரமைப்பு ஆணையம். விற்ற பிறகு கேட்டால் ஒவ்வொரு முதலாளியும் தன் பங்கைச் சுருக்குவார். எங்காவது ஓரிடத்தில் வழி அறுந்தால் மொத்தக் கரையும் அறுந்தது போலத்தான்.

15 மீட்டர் என்று எழுதினால் போதாது, அதில் நடக்க எத்தனை என்றும் எழுதுங்கள். சிங்கப்பூர் ஆற்றங்கரையில் போட் கீ என்ற பகுதியில் சாப்பாட்டு மேசைகள் தண்ணீரோரம் வரை போடப்பட்டிருக்கும். மெனு அட்டையோடு நிற்பவர்களைத் தாண்டித்தான் நடக்க வேண்டும். காசு செலவழிக்காமல் உட்கார இடம் இல்லாத கரை பொதுக்கரை இல்லை. ஐம்பது அடிக்கு ஒரு பெஞ்சு, குடிநீர்க் குழாய், சுத்தமான கழிப்பறை. நம் தட்பவெப்பத்தில் இவற்றுக்கெல்லாம் முன்னால் நிழல். ஐரோப்பியப் படத்தைப் பார்த்து வெட்டவெளியில் கருங்கல் பாவினால் சாயங்காலம் ஆறு மணிவரை அங்கே புறாகூட வராது. மரம் வைக்கும் வரிசைக்குக் கீழே குழாய் போடாதீர்கள்.

படித்துறைகள், கப்பலைக் கயிற்றால் கட்டிவைக்கும் இரும்புக் குமிழ்கள், தண்டவாளத் துண்டு, பாரந்தூக்கி இவற்றை எடுக்க வேண்டாம். விழுந்தவர் ஏறிவர ஏணிகளும் மிதவை வளையங்களும் வேண்டும். சக்கர நாற்காலி தண்ணீர்வரை போக ஒரு சரிவாவது இருக்கட்டும்.

படி 7: பழைய கட்டடங்கள்

சிங்கப்பூர் ஆற்றோரத்தில் உள்ள போட் கீ, கிளார்க் கீ இரண்டும் 1989இல் பாதுகாப்புப் பகுதிகளாயின. கடைவீடுகளும் கிடங்குகளும் தப்பின. 1993இல் கிளார்க் கீ கேளிக்கைப் பகுதியாகத் திறந்தது. 2006இல் பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் வில் ஆல்சப் வடிவமைத்த பெரிய குடைக்கூரைகள் தெருக்களுக்கு மேலே வந்தன. இரவுக் கூட்டத்தை மட்டும் நம்பியது போதாதென்று 2020களில் பகலுக்கும் ஏற்றபடி மறுபடி மாற்றினார்கள். முப்பது வருஷத்தில் மூன்று வேஷம். கிடங்கின் சுவர் மூன்றையும் தாங்கியது. அதனால் கட்டடத்தைக் காப்பாற்றும்போது இன்றைய வியாபாரத்துக்கு அளவெடுத்துத் தைக்காதீர்கள். ஹாஃபன்சிட்டியில் பல கட்டடங்களின் தரைத்தளம் ஐந்து மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்று கேட்டதும் இதற்காகத்தான்: இன்று கடை, நாளை பள்ளி, பிறகு வேறு ஏதாவது.

தானியக் கிடங்கு போன்ற ஜன்னலில்லாத கட்டடத்தை அவசரப்பட்டு இடிக்க வேண்டாம். கேப் டவுனில் 1920களின் தானியக் குதிர் பல வருஷம் சும்மா நின்றுவிட்டு 2017இல் கலைக் காட்சியகமானது. காத்திருக்க இடம் கொடுங்கள்; கூரை ஒழுகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 8: பணம்

நிலத்தை ஒரே ஆளுக்கு மொத்தமாக விற்காதீர்கள். அவர் நொடித்தால் கரையும் நொடிக்கும். பால்டிமோர் மண்டபங்களின் கதை அதுதான். ஹாம்பர்க் மனை மனையாகக் கொடுக்கிறது. வீட்டு மனைகளில் விலைக்கு 30 சதவீதம், திட்டத்தின் தரத்துக்கு 70 சதவீதம் என்று மதிப்பிட்டு ஆளைத் தேர்ந்தெடுக்கிறது. தேர்வானவர் உடனே பணம் கட்டி வாங்குவதில்லை. குறிப்பிட்ட காலம் மனை அவர் பெயரில் ஒதுக்கி வைக்கப்படும். அதற்குள் வடிவமைப்பை முடித்து அனுமதி வாங்க வேண்டும். சொன்னபடி செய்யாவிட்டால் மனை நகரத்துக்கே திரும்பிவிடும். நிலத்தைப் பிடித்து வைத்து விலை ஏற்றுகிறவர்கள் இந்தக் கதவைத் தட்டவே மாட்டார்கள்.

கட்டும் பணத்தைவிடப் பராமரிக்கும் பணம்தான் கஷ்டம். ரிப்பன் வெட்ட எல்லாரும் வருவார்கள். பத்தாம் வருஷம் கைப்பிடிக்குப் பெயின்ட் அடிக்க யாரும் வரமாட்டார்கள். புரூக்ளின் பாலப் பூங்கா தன் எல்லைக்குள் ஓரளவு வீடுகளும் ஓட்டலும் கட்ட விட்டு, அந்த வருமானத்தில் பராமரிப்பை நடத்துகிறது. பூங்கா நிலத்தில் பணக்காரர் வீடா என்று சண்டை நடந்தது. ஆனாலும் முன்கூட்டியே ஒரு வருமானத்தைப் பூட்டி வைத்தது சரிதான் என்பேன்.

படி 9: திறந்த பிறகு

சத்தக் கணக்கு முதலில். மதுக்கடையும் படுக்கையறையும் எதிரெதிராக இருந்தால் யாராவது ஒருவர் தோற்பார். எந்தப் பகுதியில் எத்தனை மணி வரை இசை என்று குத்தகையிலேயே எழுதுங்கள். கரையை அமைதியான பகுதி, கலகலப்பான பகுதி என்று பிரித்துவிடுவது நல்லது.

மீன்பிடிக்க இடம் உண்டா, குளிக்க உண்டா என்பதையும் தெளிவாக முடிவு செய்யுங்கள். கவனாக் பாலத்துக்குப் பக்கத்தில் ஐந்து சிறுவர்கள் ஆற்றில் குதிக்கும் வெண்கலச் சிற்பம் இருக்கிறது. அழகான சிற்பம், எல்லாரும் அதோடு படம் எடுத்துக்கொள்வார்கள். ஆறு இப்போது நீர்த்தேக்கத்தின் பகுதி என்பதால் நினைத்தபோது யாரும் அங்கே குதித்துவிட முடியாது.

தண்ணீர் வேலைக்கு முடிவு கிடையாது. மேலிருந்து குப்பை வந்துகொண்டே இருக்கும். பால்டிமோரில் ஜோன்ஸ் ஃபால்ஸ் ஓடை துறைமுகத்தில் விழும் இடத்தில், 2014 முதல் ஒரு நீர்ச்சக்கரம் மிதக்கும் குப்பையை அள்ளித் தொட்டியில் கொட்டுகிறது. அதற்கு இரண்டு பெரிய கண்களை வைத்துப் பெயரும் சூட்டினார்கள், ஊருக்கே செல்லப்பிள்ளையாகிவிட்டது. அங்கே எத்தனை தொட்டி சேர்ந்தது என்று எழுதி வைப்பதைப் போல நீங்களும் தினம் எழுதுங்கள். எந்த வாய்க்காலில் எந்த வாரம் குப்பை கூடுகிறது என்று அந்தக் கணக்கேடு காட்டும். மறுநாள் ஆளை அனுப்ப வேண்டிய தெரு அது.